பற்றர்சி நாயில்லம்

இலண்டன் மாநகரிலே தேம்ஸ் நதியின் தென்கரையில் நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. பற்றர்சி மின் நிலையத்தை அந்நகரில் அறியாதார் இலர். 1983ஆம் ஆண்டு மின்னாக்கத்தை நிறுத்திப் பல்லாண்டு பாழடைந்து கிடந்த அக்கட்டடம், 2022இல் கடைகளும் உணவுச்சாலைகளும் நிறைந்த மாளிகையாகத் திறந்து வைக்கப்பட்டது. பயணிகள் திரள் திரளாக அங்கே செல்கின்றனர். நாம் நாடிச் சென்றதோ அதன் அயலிலே, புகையிரதப் பாதைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் வேறோர் இடம். நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியேறிச் சிறிது தூரம் நடந்தாற் போதும். வழிகாட்டுவதற்கு எவரும் வேண்டியதில்லை, குரைப்பொலியே அழைத்துச் செல்லும்.

மேரி டீல்பி என்னும் மாது 1860ஆம் ஆண்டு இந்நிறுவனத்தைத் தொடங்கிய பொழுது அவருக்கு வயது அறுபதை அண்மியிருந்தது. கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர்; பெருஞ் செல்வமும் இல்லாதவர். வட இலண்டனில் ஹொலோவே என்னுமிடத்தில் ஒரு கொட்டிலில், வழிதவறிப் பட்டினி கிடந்த நாய்களைச் சேர்த்தார். மனிதர் பசித்திருக்க நாய்க்கோர் இல்லமா என்று 'ரைம்ஸ்' பத்திரிகை எள்ளி நகையாடியது. ஆயினும் 1862இல் சாள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையில் இல்லத்தைப் பாராட்டி ஒரு கட்டுரை வெளிவந்தது. டீல்பி அம்மையார் 1865இல் மறைந்தார். இல்லம் 1871இல் பற்றர்சிக்குப் பெயர்ந்தது. 1883 முதல் பூனைகளுக்கும் அங்கே இடமுண்டு.

இவ்வரலாற்றை வேறு நூல்களிலும் படிக்கலாம். நம்மை ஈர்த்தது பிறிதொன்று. இத்தகைய இல்லங்களில் நாய்க்கும் மனிதருக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள்! நம்மவர் கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பது போல என்று சொன்னால் மிகையாகாது. கூண்டின் முன் நின்று, 'அதோ, அந்த வெள்ளை நாய்' என்று கைகாட்டிக் கொண்டுபோக முடியாது. முதலில் விண்ணப்பம். வீடு எத்தகையது? தோட்டம் உண்டா? வாடகை வீடாயின் உரிமையாளர் இசைவாரா? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நாய் தனித்திருக்கும்? பேரப்பிள்ளைகள் வந்து போவார்களா? நமது ஊர்களிலோ நாய்தான் வீட்டைத் தேர்ந்துகொள்கிறது. ஒருநாள் படலையருகே வந்து படுக்கும். இரண்டாம் நாள் விறாந்தையில் இருக்கும். மூன்றாம் நாள் அதற்கு ஒரு பெயரும் கிடைத்துவிடும்.

எழுபத்தெட்டு வயதான ஒரு மூதாட்டியை எண்ணிக் கொள்வோம். கணவர் காலமாகிவிட்டார்; பிள்ளைகள் தூரத்தே. தனிமை தாளாது நாய் ஒன்று வேண்டும் என்கிறார். அவருடைய மனம் நாடுவது பெரும்பாலும் ஒரு குட்டியை. ஆனால் குட்டியானது இரவில் அழும், பாதணியைக் கடிக்கும், ஓராண்டில் வலிய நாயாகி வாரை இழுக்கும். இதனை அற்பமாக எண்ணலாகாது. அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோர், வாரிட்ட நாயுடன் உலாவுகையில் எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்த தொகையை 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது: 2004இல் ஏறக்குறைய 1,700, 2017இல் ஏறக்குறைய 4,400. முறிந்த எலும்புகளுள் முதலிடம் பெற்றது இடுப்பெலும்பு. அந்த வயதில் இடுப்பு முறிந்தவர் முன்போல் எழுந்து நடமாடுவது எத்துணை அரிது என்பதை நாம் அறிவோம்.

அப்படியானால் சிறிய நாயே தக்கது என்று முடிவு செய்து விடலாமா? அதுவும் சரியன்று. ஜாக் ரசல் இன நாய் முழங்காலுக்கும் எட்டாது. ஆயினும் நாள் முழுதும் ஓடித் திரிய வேண்டும் என்னும் துடிப்பு அதற்குண்டு. காலிடையே புகுந்து தடுக்கவும் கூடும். மாறாக, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய், உருவில் பெரிதாயினும் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். சிறிது நேர உலாவே அதற்குப் போதும். அணிலைக் கண்டால் மட்டும் பழைய ஓட்டம் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே பிடிக்கும் கையில் சற்று வலு வேண்டும்.

நமது எண்ணத்தில் மிகச் சிறந்த பொருத்தம், எவரும் திரும்பிப் பாராத கிழநாய்தான். இல்லங்களில் சேரும் முதிய நாய்களுட் சில, எசமானர் இறந்தமையாலோ முதியோர் விடுதி புகுந்தமையாலோ வந்தவை. அமைதியான வீடு, குறித்த வேளையில் உணவு, மாலையில் நாற்காலியருகே ஒரு படுக்கை, இவையே அவை அறிந்த உலகம். நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில் அவை மூலையிற் சுருண்டு உணவையும் மறுக்கும். குட்டிகள் துள்ளி வந்து கம்பிகளை நக்க, இவை எழுந்தும் வாரா. ஆதலின் பார்ப்பவர் கடந்து போகின்றனர். மூதாட்டியின் விண்ணப்பத்தையும் அத்தகைய நாயின் குறிப்பையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஊழியர் ஒருவர் இல்லையேல், இவ்விருவரும் ஒருவரையொருவர் காணப்போவதில்லை. கிழநாய்க்கு மிருக வைத்தியச் செலவு கூடும் என்பதும் உண்மையே. ஓய்வூதியத்தில் வாழ்பவர் அதனைக் கணக்கிட்டே இசைய வேண்டும்.

இனி, முதியோர் பலரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றுண்டு: 'எனக்குப் பின் இது யாரிடம் போகும்?' நாயை விரும்பியும் ஏற்க மறுப்போர் இதனை எண்ணியே மறுக்கின்றனர். இங்கிலாந்தின் மேற்குக் கோடியான கோர்ன்வாலில் 1985ஆம் ஆண்டு தோன்றிய 'சினமன் டிரஸ்ட்' என்னும் அறநிலையம் இதற்கென்றே உழைக்கிறது. நமது தீவின் கறுவாவுக்குரிய ஆங்கிலப் பெயர் அது என்பதைக் கண்டு நாம் புன்னகைத்தோம். முதியவர் மருத்துவமனையில் இருக்கும்வரை தொண்டர் வீடுகளில் நாய் வளரும். அவர் இறந்தால், முன்னரே செய்து வைத்த ஏற்பாட்டின்படி அறநிலையம் அதனை ஏற்றுக்கொள்ளும். நடக்க இயலாதவர்களின் நாய்களை உலாவ அழைத்துச் செல்வதற்கும் நாடெங்கும் தொண்டர்கள் இருக்கின்றனர். குறித்த வேளைக்குக் கதவு தட்டப்படும். நாய் வாரை வாயிற் கவ்விக் கொண்டு முன்னே ஓடும். வீட்டுக்காரர் நாற்காலியைச் சாளரத்தருகே இழுத்துப் போட்டு, தொண்டரும் நாயும் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருப்பார். பின்பு தேநீருக்கு நீரை அடுப்பில் வைப்பார், இரண்டு கோப்பைகளுக்கு.