கை வரலையா, காகிதம் சரியில்லையா?

வாட்டர் கலர் பெட்டி வாங்கி, நாலு நாள் வரைஞ்சு பார்த்துட்டு, "நமக்கெல்லாம் கை வராதுப்பா"ன்னு அதைப் பரண்ல தூக்கிப் போட்டவங்க இங்க எத்தனை பேரு? இந்த நீண்ட த்ரெட் உங்களுக்குத்தான். பிள்ளைங்களுக்கு டிராயிங் நோட்டு வாங்கித் தர்ற அம்மா அப்பாவும் படிக்கலாம்.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் படிச்ச எல்லாரும் கட்டாய ஓவியர்கள்தான். மைக்ரோஸ்கோப்ல பார்த்த திசுவை எல்லாம் ஹிஸ்டாலஜி ரெக்கார்டுல பென்சிலால வரைஞ்சு தள்ளணும். ஈயோசின் சாயம் பிங்க், ஹீமடாக்சிலின் ஊதா. அதனால கலர் பென்சில் டப்பாவுல அந்த ரெண்டு மட்டும் விரல்நுனி அளவுக்குத் தேய்ஞ்சிருக்கும், பச்சையும் மஞ்சளும் புதுசா அப்படியே இருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் விடல. இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் வரையறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வாட்டர் கலர்ல முதல்ல பேப்பர். பிரஷ், பெயிண்ட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாங்குற சாதாரண கலரை நல்ல பேப்பர்ல போட்டாலும் படம் நிக்கும். ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கின கலரை நோட்டுப் பேப்பர்ல போட்டா சேறுதான் மிஞ்சும்.

ஏன்னு புரிய எங்க ஊருக்கு ஒரு நடை வாங்க. சுந்தரபாண்டியம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு போற பக்கம், மலையடிவாரத்து நெசவு ஊர். தெருவுல பாவு நீட்டி, அதுக்குக் கஞ்சி போடுறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்குக் காகிதத்தோட ரகசியம் பாதி தெரியும். கஞ்சி ஏறாத நூல் தறியில பிசிறு கிளம்பி அறுந்துடும். கஞ்சி ஏறினா உரசலைத் தாங்கும். விசைத்தறிக்காரங்க இதையே சைசிங்னு சொல்வாங்க. காகித ஆலையிலயும் இதுக்குப் பேரு சைசிங்தான். ஸ்டார்ச், ஜெலட்டின், இல்லேன்னா வேற ஏதாவது ரசாயனம்.

காகிதம்ங்கிறது நார் ஒன்னோட ஒன்னு பின்னிக் கிடக்குற விரிப்பு. சைசிங் இல்லேன்னா அது தண்ணியைக் கண்டதும் குடிச்சிடும். மை ஒத்தற பிளாட்டிங் பேப்பர் அப்படித்தான் வேலை செய்யுது. சைசிங் ரொம்ப அதிகமானா தண்ணி உள்ள இறங்காம, சேப்பிலை மேல தண்ணி மாதிரி உருண்டு நிக்கும்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போவோம். ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. நாங்க காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி, காஸ் துணி நெய்யுற ஊர். செடியில பறிச்ச பஞ்சை அப்படியே தண்ணில போட்டா மிதக்கும், ஏன்னா நார் மேல இயற்கையா ஒரு மெழுகு இருக்கு. அதை வேகவெச்சு வெளுத்து மெழுகை எடுத்தாதான் ரத்தத்தை உறிஞ்சும். மருத்துவப் பஞ்சுக்கு ஒரு தரச் சோதனையே உண்டு: தண்ணி மேல போட்டா 10 செகண்டுக்குள்ள முழுகணும். எங்களுக்கு முழுகுற பருத்தி வேணும். வரையறவங்களுக்கு முழுகவும் கூடாது, மிதக்கவும் கூடாது. தண்ணி மேல கொஞ்ச நேரம் நின்னு, நீங்க பிரஷால இழுத்து முடிச்ச பிறகு மெதுவா இறங்கணும். நல்ல வாட்டர் கலர் பேப்பருக்கு விலை குடுக்குறதே அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அந்தக் கொஞ்ச நேரம் இல்லாததால ஒரு மனுஷன் தூக்கம் தொலைச்ச கதை இது. ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் வந்தார். அவரோட அண்ணனுக்குப் பார்க்கின்சன் நோய், கடைசி வருஷங்கள்ல கூட இருந்து பார்த்துக்கிட்டவர் இவர்தான். ரிட்டயர் ஆனதும் ஆசையா கலர் பெட்டி வாங்கியிருக்கார். மூணு மாசமா வரையறார். "எனக்கும் ஆரம்பிச்சிருச்சு டாக்டர், கை சொன்னபடி கேக்கல"ன்னு சொல்லிட்டு, பையில இருந்து ஒரு டிராயிங் நோட்டை எடுத்து மேஜை மேல வெச்சார்.

நம்ம மலையை வரைஞ்சிருக்கார். வானம் திட்டுத் திட்டா இருந்துச்சு. பிரஷ் போன இடமெல்லாம் கோடு கோடா காஞ்சிருந்துச்சு. சரிபண்ணப் போய்த் தேய்ச்ச இடத்துல பேப்பர் திரிதிரியா எழும்பி நின்னுச்சு. தாள் அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடந்துச்சு.

அவரைப் பரிசோதிச்சேன். கையை மடியில சும்மா வெச்சிருக்கச் சொன்னேன், ஏன்னா பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வா இருக்குறப்பதான் தெரியும். விரலை வேகமா தட்டச் சொன்னேன். மணிக்கட்டுல இறுக்கம் இருக்கான்னு பார்த்தேன். நடக்கச் சொல்லி, கை வீசுறாரான்னு கவனிச்சேன். நாலு வரி எழுதச் சொன்னேன், அந்த நோய்ல எழுத்து போகப் போகச் சின்னதாகிடும். கடைசியா, ஒரு புள்ளியில ஆரம்பிச்சு நத்தைக் கூடு மாதிரி சுருள் வரையச் சொன்னேன். ஒன்னுலயும் குறை இல்ல. சுருள் சும்மா அச்சடிச்ச மாதிரி வந்துச்சு.

மேஜை டிராயர்ல எப்பவும் நாலைஞ்சு துண்டு பருத்திப் பேப்பர் வெச்சிருப்பேன். ஒன்னை எடுத்துக் குடுத்தேன். அவரோட பெட்டி, அவரோட பிரஷ், அவரோட கை. தண்ணிக்கு ஒரு டம்ளர். மேல இருந்து கீழ வரைக்கும் நீலத்தை இழுத்தார். வானம் வந்துச்சு, கோடே இல்லாம. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தவர், "அப்ப ராத்திரி எல்லாம் முழிச்சுக் கிடந்தது இந்த நோட்டாலயா?"ன்னு கேட்டார்.

இங்க ஒன்னை அழுத்திச் சொல்லிடறேன். கை நடுங்குது, எழுத்து சின்னதாகுது, நடை மெதுவாகுது, சட்டைப் பட்டன் போடக் கஷ்டமா இருக்குன்னா பேப்பரை மாத்திட்டுச் சும்மா இருந்துடாதீங்க, டாக்டரைப் பாருங்க. திடீர்னு ஒரு பக்கக் கை சோர்ந்து போனா அன்னைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அதுல விளையாட்டு வேண்டாம்.

இப்ப கடைக்குப் போவோம்.

முதல்ல ஜி.எஸ்.எம். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல, பிரஸ்ல வேலை பார்க்குற சித்தப்பா ஒருத்தராவது வீட்டுல இருப்பார். மத்தவங்களுக்காக: ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடைங்கிற கணக்கு. ஜெராக்ஸ் பேப்பர் 70, 80. பென்சில், பேனா ஸ்கெட்சுக்கு 120ல இருந்து 160 வரைக்கும் போதும். வாட்டர் கலர்னா 300. இம்பீரியல்னு சொல்ற 22க்கு 30 இன்ச் அளவுல 500 ஷீட் சேர்த்து நிறுத்தா 140 பவுண்டு வரும், அதனால வெளிநாட்டு வீடியோக்கள்ல 140 பவுண்டுன்னு சொன்னா நம்ம 300தான். 200ல வரைஞ்சா நெளியும். பலகையில நாலு பக்கமும் டேப் ஒட்டி வரைஞ்சா கொஞ்சம் சமாளிக்கலாம். பரீட்சை அட்டையே அதுக்குப் போதும்.

ஆனா கனம் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. சிவகாசிப் பக்கம் "ஆர்ட் பேப்பர்"னு கேட்டா காலண்டர் அடிக்கிற பளபளப்புத் தாளைத் தருவாங்க. அது மேல களிமண் மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அச்சு மைக்கு அருமையான தாள், ஆனா வாட்டர் கலருக்கு ஆகாது. கலர் மேலயே வழுக்கும், ஈரக் கை பட்டா மொத்தமும் வந்துடும். பேருல மட்டும்தான் ஆர்ட். ஸ்கூல் ப்ராஜெக்ட் சார்ட்டும் அப்படித்தான், ஸ்கெட்ச் பேனாவுக்குச் சரி, தண்ணிக்கு ஆகாது.

அடுத்தது நார். நம்ம நோட்டு, ஜெராக்ஸ் தாள் எல்லாம் மரக்கூழ்லயோ கரும்புச் சக்கையிலயோ வருது. கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்குற அரசு காகித ஆலை சக்கையில செய்யறதுக்குப் பேர்போனது. எழுதுறதுக்கு நல்ல தாள். ஆனா சக்கை நார் குட்டை. பருத்தி நார் நீளம், உறுதி, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், திரும்பத் திரும்பத் தேய்ச்சாலும் பிசிறு கிளம்பாது. அட்டையில "100% காட்டன்"னு போட்டிருக்கும். பிரான்ஸ்ல 1492ல ஆரம்பிச்ச ஆர்ஷ் ஆலையோட தாள் இந்த வகையில பிரபலம். விலையைக் கேட்டா பி.பி. ஏறும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துல 1959ல இருந்து கையால காகிதம் செய்யறாங்க. கைக்காகிதம்னாலே வாட்டர் கலருக்கு ஆகும்னு இல்ல. கல்யாணப் பத்திரிகைக்குன்னு செய்யறதுல பலதும் தண்ணியை உறிஞ்சிடும். கேட்டு வாங்குங்க.

நம்ம ஊருக்குப் பருத்தித் தாள் ஏன் இன்னும் முக்கியம்னு சொல்றேன். ஜூன், ஜூலைல மேற்கே மலை உச்சியில மேகம் கட்டி நிக்கும். அந்தப் பக்கம் கேரளாவுல மழை கொட்டும், இந்தப் பக்கம் நமக்கு வெறும் காத்தும் வெயிலும். குளிர் நாட்டுக்காரங்க எழுதின புத்தகத்துல "ஈரம் காயும் முன் அடுத்த நிறம்"னு நிதானமா சொல்லியிருப்பாங்க. நம்ம வெயில்ல பிரஷை நனைச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சிருக்கும். மரக்கூழ்த் தாள்ல இன்னும் வேகமா. அதுக்கு ஒரு உபாயம்: பருத்தித் தாளை ரெண்டு பக்கமும் நல்லா நனைச்சு, ஒரு கண்ணாடி மேலயோ வழுவழு டைல்ஸ் மேலயோ ஒட்டிடுங்க. அடிப்பக்க ஈரம் ரொம்ப நேரம் தாங்கும், தாளும் நெளியாது. காலைல எட்டு மணிக்குள்ள வரைஞ்சா இன்னும் நல்லது.

மேற்பரப்பு மூணு வகை. ஹாட் பிரஸ்னா இஸ்திரி போட்ட மாதிரி வழுவழு, பேனாவுக்கும் நுணுக்கமான பூ, இலைக்கும் ஏத்தது. ரஃப்னா சொரசொரப்பு, பிரஷை லேசா இழுத்தா பள்ளம் எல்லாம் வெள்ளையா மின்னும், பாறை, தண்ணி வரைய அழகு. நடுவுல கோல்டு பிரஸ். புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு கோல்டு பிரஸ் வாங்குங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பதினொரு நிலையோட நுணுக்கமா பேனாவுல வரையணும்னா மட்டும் ஹாட் பிரஸ்.

வெறும் பென்சிலுக்கு இவ்வளவு செலவு தேவையே இல்ல. கார்ட்ரிட்ஜ் பேப்பர் கேளுங்க. அந்தக் காலத்துல துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து சுத்தின தாள், அந்தப் பேரே நின்னுடுச்சு. லேசா சொரசொரப்பா இருக்கும், பென்சில் கரி பிடிக்க அதுதான் வேணும். ரொம்ப வழுவழுன்னு இருந்தா நிழல் ஏறவே ஏறாது.

வாங்கின தாளைச் சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணி போதும். ஓரத்துல வைங்க. உடனே இறங்கி முதுகுப் பக்கம் கருத்தா, சைசிங் இல்ல. முத்தா உருண்டு நின்னா அதிகம். பளபளன்னு பரவி நின்னு மெதுவா இறங்கினா அதுதான் உங்க தாள். சில ஓவியர்கள் நாக்கால தொட்டே கண்டுபிடிப்பாங்க. டாக்டரா நான் அதைச் சிபாரிசு பண்ண முடியாது!

சைவக்காரங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். பல விலை உயர்ந்த தாள்கள்ல சைசிங் ஜெலட்டின், அதாவது விலங்கு எலும்பு, தோல்ல இருந்து எடுத்தது. மாத்திரைக் கேப்சூல் ஓடும் பெரும்பாலும் அதேதான். வேண்டாம்னா, ஜெலட்டின் இல்லாததும் கிடைக்கும், விசாரிங்க. ஜெலட்டினும் ஸ்டார்ச்சும் நமக்கு மட்டும் உணவில்ல. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்துல பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. பூஞ்சை தின்ன இடத்துல கலர் போட்டா அங்க மட்டும் கறுப்பா மை ஊறும், தேமல் மாதிரி. பிளாஸ்டிக் கவர்ல போட்டு, சுவர்ல சாய்க்காம படுக்க வைங்க.

"இவ்வளவு விலை குடுத்து வாங்கிப் பழகுறதா?"ன்னு தோணும். நோட்டா வாங்காதீங்க. பருத்தித் தாள்ல ஒரே ஒரு முழு ஷீட் வாங்குங்க. 22க்கு 30. அதை அகலத்துல நாலு, நீளத்துல நாலுன்னு வெட்டினா ஐந்தரைக்கு ஏழரை இன்ச்ல 16 துண்டு. ரெண்டு பக்கமும் வரையலாம், ஆக 32 படம். ஒரு படத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போட்டா டீ, வடை விலைதான் வரும். பிள்ளைங்களுக்கு அதுல நாலு துண்டு குடுங்க, மிச்ச நேரம் நோட்டுல கிறுக்கட்டும்.

கடைக்காரர் ஷீட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடப் பார்ப்பார், விடாதீங்க. போறப்பவே ரெண்டு பெரிய அட்டை கையோட எடுத்துட்டுப் போங்க. நடுவுல வெச்சுக் கட்டி, பஸ்ல ஜன்னல் பக்கமா நிறுத்தி எடுத்துட்டு வந்துடுங்க.