மாங்காய்ப் பூட்டும் ஒரு மிக்சரும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஓய்வாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை "மிக்சர் மாத்தப் போறோம், வந்துடறேன்" என்று கிளம்பினேன். வீட்டம்மா "நமுத்துப்போச்சா, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டாள். அந்த மிக்சர் இல்லை. டிஜே மிக்சர். கல்யாண ரிசப்ஷனில் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திருகிக்கொண்டே இருப்பாரே, அந்தப் பெட்டி.

மாத்தப் போனவன் என் பழைய பிளஸ் ஒன் மாணவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். "சவுண்டு" என்றால் அவன் பேட்ச்சுக்குத் தெரியும். அப்பா வடமதுரைப் பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தவர். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அகுஜா ஆம்பிளிபயரைப் போட்டு, சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டில் தொடங்குவார். அவரிடம் ஒரே ஒரு ரெக்கார்டு பிளேயர்தான். ஒரு தட்டு முடிந்து அடுத்ததை வைப்பதற்குள் ஊரே அமைதியாகிவிடும். அந்த இடைவெளி வராமல் இரண்டு பாட்டை ஒட்டுவதற்குத்தான் மகனிடம் மிக்சர் இருக்கிறது.

2017இல் அவன் வாங்கியது ஆலன் அண்ட் ஹீத் கம்பெனியின் ஸோன் 92. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் இருக்கும் கம்பெனி. பழையதாகத்தான் வாங்கினான். அதில் 40 ஆயிரம் என் பணம். ஓய்வூதியப் பலனில் இருந்து கொடுத்தேன், வீட்டில் சொல்லாமல். (இப்போது சொல்லியாயிற்று. பரவாயில்லை.) தவறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்தப் பெட்டியை அவன் எனக்கு விளக்கிய விதத்தை மறக்க முடியாது. முழுக்க அனலாக். பாட்டின் மின்னோட்டம் எண்ணாக மாறாமல் அப்படியே உள்ளே ஓடி வெளியே வருகிறது. ஒவ்வொரு சேனலுக்கும் நான்கு குமிழ்கள்: கீழ்ஸ்தாயி, நடுவில் இரண்டு, மேல்ஸ்தாயி. புதுப்பாட்டை உள்ளே கொண்டுவரும்போது பழைய பாட்டின் பேஸை மெதுவாக இறக்க வேண்டும். இரண்டு பேஸும் ஒன்றாக நின்றால் கொழகொழவென்று ஆகிவிடும். "ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுற மாதிரி சார்" என்றான். நான் 34 வருடம் இயற்பியல் நடத்தியும் இப்படி ஒரு உதாரணம் எனக்குத் தோன்றியதில்லை.

அவ்வளவு பிடித்ததை ஏன் மாற்ற வேண்டும்? பிழைப்புதான். இப்போது அவன் வாசிப்பதைவிட வாடகைக்கு விடுவதுதான் அதிகம். கொடைக்கானல் ரிசார்ட்டுக்குச் சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வருகிற பையன்கள் பென் டிரைவோடு வருகிறார்கள். முதல் கேள்வியே "பயோனியர் இருக்கா?" என்பதுதான். அவர்கள் கை பழகியது டிஜேஎம் 900 நெக்சஸ் 2. 2016இல் வந்தது. உள்ளே டிஜிட்டல், ஒலியை நொடிக்கு 96 ஆயிரம் முறை அளந்து எண்ணாக்குகிறது. எதிரொலி முதலான எபெக்ட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, லேப்டாப்பை நேரே யுஎஸ்பியில் மாட்டிக்கொள்ளலாம். ஸோனில் யுஎஸ்பி கிடையாது. மூன்று ஆர்டர் கைவிட்டுப் போன பிறகு அவன் மனைவி, "ஆசைக்கு ஒரு பெட்டியா, அரிசிக்கு ஒரு பெட்டியா, நீங்களே சொல்லுங்க சார்" என்று என்னிடம் போனில் கேட்டாள். நான் அரிசிப் பக்கம் பேசினேன்.

கோயம்புத்தூரில் ஒருவரிடம் அந்தப் பயோனியர் இருந்தது. அவருக்கு ஸோன் வேண்டும். இவன் மேலே 50 ஆயிரம் கொடுக்க வேண்டும். அதில் பாதி மறுபடியும் என் கை. அதனால்தான் நான் பஞ்சாயத்துக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தம் ரோட்டில் இவன் குடோன். மேசையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். ஸோனை அவன் அப்பாவின் ரெக்கார்டு பெட்டியில்தான் வைத்திருந்தான். தேக்குப் பெட்டி, நம் ஊர் மாங்காய்ப் பூட்டு. பூட்டைத் திறக்கிறபோது கோயம்புத்தூர்க்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பயோனியரை இவன் அரைமணி நேரம் சோதித்தான். ஒவ்வொரு பேடரையும் மேலும் கீழும் தள்ளி, ஒவ்வொரு குமிழையும் திருகி, மைக்கில் பேசி, ஹெட்போனில் கேட்டு, சீரியல் நம்பரையும் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

அடுத்து அவர் ஸோனைச் சோதித்தார். பாட்டைச் சத்தமாக வைத்து, பேடர்களைச் சரசரவென்று தள்ளிப் பார்த்தார். "நல்லா இருக்குண்ணா, முடிச்சிடலாம்" என்று எழுந்துவிட்டார்.

இவன் எழவில்லை. என்னைப் பார்த்தான். அந்த மூன்றாவது சேனல் எனக்குத் தெரியும். முந்தின வாரமே காட்டியிருந்தான். பாட்டு மெதுவாக இருக்கும்போது பேடரை அடியில் இருந்து நிதானமாக ஏற்றினால் கரகரவென்று ஒரு சத்தம். உள்ளே தூசியும் தேய்மானமும். நம் ஊர்த் தூசியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

நான் மேசைக்கு அடியில் முழங்காலால் அவன் காலை இடித்தேன். பேசாமல் இரு என்று. 25 ஆயிரம் போட்டவன் முழங்கால் அது.

அவன் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். "அண்ணே, இங்க வாங்க. இதைக் கேளுங்க" என்று அந்தப் பேடரை நூல் நூலாக ஏற்றினான். கரகர. அவர் குனிந்து இரண்டு முறை கேட்டார். "பேடர் மாத்தணும். 8 ஆயிரம் சேர்த்துக் குடுங்க" என்றார். வாசலில் நின்ற இவன் மனைவி உள்ளே போய்விட்டாள். பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தான்.

திரும்பும்போது பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து, "கேக்காததை நீயா ஏன்டா சொல்லணும்?" என்றேன். "அவரும் தொழில் பண்றவர்தான சார்" என்றான். பேகம்பூர் வரை இருவரும் பேசவில்லை.

ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. தனி ஊசல் சோதனையில் ஒருவன் ஊசலையே ஆட்டாமல் g = 9.8 என்று எழுதிக்கொடுத்தான். ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிந்து, லேப் வாசலில் ஒரு பீரியடு முழுக்க நிற்க வைத்தேன். "வந்த ரீடிங்கை எழுதுடா, தப்பா வந்தாலும் வந்ததை எழுது" என்று கத்தினேன். இவன்தான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவனும் என் முழங்காலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயோனியருக்கு இப்போது வேலை வருகிறது. கொடைக்கானலுக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டது. ராத்திரி 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்பதால் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறானாம், மனைவிக்கு அதில் சந்தோஷம். ஆனால் புதுப்பெட்டி கொஞ்சம் நீளமும் உயரமும் கூட. அப்பாவின் தேக்குப் பெட்டிக்குள் அது போகவில்லை. வேறு பெட்டி வாங்கியிருக்கிறான். தேக்குப் பெட்டியில் பழையபடி அப்பாவின் இசைத்தட்டுகளை அடுக்கப் போவதாகச் சொன்னான்.

டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு அவசரத்தில் காலிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை நான்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் மேசை டிராயரில் இருக்கிறது. சாயங்காலம் வா. அந்த 8 ஆயிரத்தில் பாதி என் கணக்கு, அதையும் வாங்கிக்கொண்டு போ.