ஈரத்தில் வெடிக்கும் துப்பாக்கி

வாத்து சுட எந்தத் துப்பாக்கி நல்லது என்று தாம்பரத்தில் இன்று யாராவது கேட்டால், எதுவும் இல்லை என்பதுதான் பதில். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தியபோது வேட்டை உரிமம் என்ற பேச்சே போய்விட்டது. ஆனாலும் பழைய ஆட்களிடம் அந்தக் கேள்விக்குச் சுவையான விடை ஒன்று இருந்தது.

கிளுவையும் ஊசிவால் வாத்தும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து இறங்குவது ஐப்பசி, கார்த்திகையில். அடைமழையும் அப்போதுதான். ஆகவே முதல் எதிரி ஈரம். துரைமார்கள் வைத்திருந்த பன்னிரண்டு போர் இரட்டைக்குழலின் காகிதத் தோட்டா, ஈரம் பட்டால் ஊதிப்போய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நரிக்குறவர் கையில் இருந்ததோ, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. விரும்பித் தேர்ந்ததல்ல; காசுக்குக் கிடைத்தது அதுதான்.

சேலையூர் ஏரிக்கரையில் சிறுவயதில் நரிக்குறவர் ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கருமருந்தைக் குழலில் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடிப்பார். பிறகு ஈய ரவை, மேலே இன்னொரு நார். மருந்தைப் பற்றவைக்கும் 'கேப்' என்ற சிறு மூடியை மட்டும் வைக்கமாட்டார். அது இடுப்பு முடிச்சில் காய்ந்த துணிக்குள் இருக்கும். பறவை கண்ணில் பட்ட பிறகே வெளியே வரும். "அசையாதே சாமி, எழும்பிரும்" என்றுவிட்டு நீரில் இறங்குவார். இருப்பது ஒரே வெடி. நாற்பது கெஜம் தாண்டினால் ரவை சிதறும், வலுவும் குறையும். வாத்தின் அடர்ந்த இறகே அதைக் காப்பாற்றிவிடும். கழுத்தளவுத் தண்ணீரில் ஓசைப்படாமல் நெருங்கத் தெரிந்த காலை நம்பித்தான் அந்தத் துப்பாக்கியே இருந்தது.

குறி தப்பிய ரவை எங்கே போகும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. சேற்றில் கிடக்கும். இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும் வாத்து அதையும் சேர்த்து விழுங்கும். ஈயம் இரத்தத்தில் கலந்து மெல்லக் கொல்லும். வாத்து வேட்டை சட்டப்படியே நடக்கிற அமெரிக்காவில்கூட, நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுவதும் தடை செய்தார்கள். அதுவும் 1991-இல்தான். அங்கே எஃகு ரவைக்கு ஏற்ற குழலா என்று பார்த்து வாங்குகிறார்கள்.

இங்கே சட்டம் பறவையைக் காத்தது, சரி. வேட்டை போய் ஊசிமணி விற்கப் போன நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கத்தான் 2023 வரை ஆயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பன்னாட்டு முக்கியத்துவம் தரும் ராம்சார் தகுதி 2022-இல் வந்தது. அதற்குள் பெருங்குடிக் குப்பைமேடு அதன் ஓரத்தை விழுங்கியிருந்தது. குப்பை கொட்ட எந்த உரிமத்தையும் யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை.

இப்போது கரையில் நிற்பவர்கள் கேட்பது பைனாகுலர் பற்றி. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை போதும் என்பேன். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். ஆனால் உள்ளே நைட்ரஜன் அடைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கார்த்திகை ஈரம் கண்ணாடியையும் விடாது.