பெருக்கமரத்து நிழலில் ஒரு போர்வை

சென்ற விடுமுறையில் திருக்கேதீச்சரத்தில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, மனைவியுடன் மன்னார்த் தீவுக்குச் சென்றேன். பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டை. அதனைப் பார்த்துவிட்டு, வீதியில் விருப்பம்போல் உலாவும் கழுதைகளுக்கு வழிவிட்டுப் பள்ளிமுனையை அடைந்தோம்.

அங்கேதான் புகழ்பெற்ற பெருக்கமரம் நிற்கிறது. உயரமோ ஏறத்தாழ 7.5 மீற்றர், அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றருக்கும் மேல்! ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர்.

அதன் நிழலில் அமர்ந்ததும் மனைவி கம்பளி நூலையும் பின்னல் ஊசிகளையும் எடுத்தாள். கனடாவுக்குப் படிக்கச் செல்லவிருக்கும் எங்கள் மகளுக்கு ஒரு போர்வை. அதன் மாதிரியும் ஆபிரிக்காவினதே. மாலி நாட்டில் கால்நடை மேய்க்கும் புலானி மக்களின் ‘காசா’ என்னும் கம்பளிப் போர்வை அது. பெண்கள் நூல் நூற்க, ஆண்கள் ஒடுங்கிய பட்டைகளாக நெய்வர். பின்பு பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து இணைப்பர். இரவுக் குளிருக்கும் நுளம்புக்கும் அதுவே காப்பு.

நூலொன்றிற் கண்ட படத்தை வரைபுத்தாளில் வரைந்து, கட்டத்துக்கு ஒரு கண்ணியாக அவள் பின்னினாள். சாய்சதுரங்களோ நசுங்கியே வந்தன. மூன்று முறை அவிழ்த்தாயிற்று. மகள் புறப்படும் நாளும் நெருங்கிவிட்டது.

அருகிலிருந்த வீட்டு முற்றத்தில் முதியவள் ஒருத்தி, சத்தகம் என்னும் சிறு கத்தியால் பனையோலையை வார்ந்து பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். சாயமிட்ட ஓலைகள் அழகிய சதுரங்களாக விழுந்தன. மனைவி தன் பின்னலைக் காட்டினாள். முதியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓலை எல்லாம் ஒரே அகலமாய் இருந்தால்தான் பிள்ளை, கட்டம் ஒழுங்காய் வரும். உன்னுடைய கண்ணி சதுரமோ?”

அளந்து பார்த்தோம். 5 கண்ணிகளின் அகலமும் 7 வரிசைகளின் உயரமும் சமமாயிருந்தன. கண்ணி அகலத்தில் மிகுந்தது, உயரத்திற் குறைந்தது! சதுரக் கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று கொண்டதே பிழை. கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் எனக்கு இத்தனை நாளும் இது தோன்றவில்லையே என்று நாணினேன்.

“நெகிழிப் பாய் வந்தபின் இதை யார் தேடுகிறார்கள்?” என்றாள் முதியவள். பாயொன்றை வாங்கிக்கொண்டு விடைபெற்றோம்.

திரும்பும் வழியில், பேருந்திலேயே, மனைவி நாலாம் முறையாகப் பின்னலை அவிழ்த்தாள். அவள் முகத்தில் இம்முறை சலிப்பு இல்லை. “நடுவில் புலானிச் சாய்சதுரம், ஓரத்தில் ஆச்சியின் பாய்க்கட்டம்,” என்றாள். நான் வரைபுத்தாளை மடியில் விரித்து, ஐந்துக்கு ஏழாகக் கோடிடத் தொடங்கினேன்.