ஓடாத ப்ரோக்ராமுக்கு 13 மார்க்!

நவம்பரிலும் ஏப்ரலிலும் தாம்பரத்தில் பீச் வண்டி ஏறுகிற ஆபீஸ்வாசிகளுக்கு ஓர் இலவசக் கச்சேரி உண்டு. குரோம்பேட்டை வருவதற்குள் ஏதாவதொரு காலேஜ் பையன் கண்ணை மூடிக்கொண்டு, 'ஃபார் ஐ ஈக்வல் டு ஸீரோ... ஐ ப்ளஸ் ப்ளஸ்...' என்று ஸ்லோகம் மாதிரி முணுமுணுப்பான். ப்ரோக்ராமை டப்பா அடிக்கிறான் சார்!

அண்ணா பல்கலைக்கழகத்தில் பல ப்ரோக்ராமிங் பாடங்களுக்கு ரெண்டு பரீட்சை. லேபில் கம்ப்யூட்டர் முன்னால் ஒன்று. ஹாலில் பேனாவோடு இன்னொன்று: மூணு மணி நேரம், 100 மார்க். 2021 ரெகுலேஷன் வினாத்தாளில் 13 மார்க் கேள்விகளே ஐந்து. ப்ரோக்ராம் ஓடுமா என்பது எழுதினவனுக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கட்டுக் கட்டாக வருகிற விடைத்தாள்களை டைப் அடித்து ஓட்டியா பார்ப்பார்?

சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் வேறொரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாமே!). மாமாவின் மளிகைக் கடைக்கு அவன் எழுதின பில் ப்ரோக்ராம் ரெண்டு வருஷமாகத் தகராறில்லாமல் ஓடுகிறது. தியரியில் மட்டும் அரியர்!

"என்னடா ஆச்சு?"

"கைடுல இருக்கறத எழுதல அங்கிள். நானா யோசிச்சு எழுதிட்டேன்."

அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் பல கம்பெனிகள் வாசலோடு அனுப்பிவிடும். வீட்டில் ரெண்டு நாளாகச் சத்தமே இல்லை.

அதற்காகப் பேனாவை ஒழிக்கச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் ஈவிரக்கமில்லாத வாத்தியார். ஒரு ஸெமிகோலன் விட்டால் மொத்தமும் அவுட்! மனுஷர் என்றால் அரை மார்க் குறைத்துக்கொண்டு மீதியைப் போடுவார். தவிர, பேப்பரில் வரிவரியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிற 'ட்ரை ரன்' பழகாதவனுக்குத் தப்பு எங்கே என்று பிடிக்க வராது. கேட்ட மாத்திரத்தில் ஏ.ஐ. ப்ரோக்ராமாகக் கொட்டுகிற இந்தக் காலத்தில், தப்புப் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மவுசு.

ஆகவே எழுத வைக்கக் கம்ப்யூட்டர், படிக்க வைக்கப் பேப்பர். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில், கண்காணிப்போடு கம்ப்யூட்டரிலேயே எழுதி ஓட்டிக் காட்டுகிற பரீட்சை இருக்கிறது. பேப்பரிலோ, ஒரு ப்ரோக்ராமை அச்சடித்துக் கொடுத்து, 'இதன் விடை என்ன? தப்பு எந்த வரியில்?' என்று கேட்கட்டும். டப்பா அடிக்க வழியே இல்லை. திருத்தவும் சுலபம்.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறான். இந்தத் தடவை கைடில் இருப்பதை அப்படியே எழுதப்போகிறானாம். பாஸாகிவிடுவான். அதுதான் எனக்குக் கவலை!