ஓசூர் குளிரில் ஒரு மெக்சிகோ சூப்... கைகொடுத்த வெற்றிலைப் பெட்டி!

டிசம்பர் மாதம் ஓசூரில் காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால், பேசும்போதே வாயிலிருந்து ஆவி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் அல்லவா? ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகாவின் அத்திப்பள்ளி வந்துவிடும். சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களுக்குக் காத்திருப்பவர்களிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நான்கு மொழிகளையும் ஒரே டீக்கடையில் கேட்கலாம்.

அப்படியொரு குளிரில்தான், நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அறைத்தோழிக்குச் சூடாக ஏதாவது செய்து கொடுக்க நினைத்தேன். மனதில் வந்தது 'போஸோலே'. கோழி, மிளகாய் விழுது, வெந்து மலர்ந்த மக்காச்சோளம் சேர்ந்த மெக்சிகோ சூப். செப்டம்பரில் வரும் அவர்களின் சுதந்திர தினத்துக்கு வீட்டுக்கு வீடு இது கொதிக்கும்.

தானியக் கடையில் காய்ந்த மக்காச்சோளம் கேட்டேன். "கோழிக்கா, சாப்பிடவாம்மா?" என்றார் கடைக்காரர். சாப்பிட என்றதும் வேறு மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தார். (விதைச் சோளத்தில் மருந்து கலந்திருக்கும், அதைத் தொடவே கூடாது.) ஊறவைத்து, குக்கரில் பத்து விசில் விட்டும் தோல் பிளாஸ்டிக் மாதிரி பல்லில் சிக்கியது.

பிறகு படித்துப் பார்த்தால், மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் வேகவைக்கிறார்கள். அப்படித் தோல் நீக்கிய சோளம்தான் 'ஹோமினி'. சுண்ணாம்புக்கு எங்கே போவது? கீழ்வீட்டு அவ்வாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது!

"சுண்ணாம்பு போட்டா வாய் வெந்துராதா பாப்பா?" என்றார் அவ்வா. நன்றாகக் கழுவிவிடுவேன் என்று சொன்ன பிறகே பெட்டியைத் திறந்தார்.

அவ்வாவிடம் சொன்ன கதை

1492-க்குப் பிறகு மக்காச்சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்பு போடும் வழக்கம் கூடப் போகவில்லை. சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ளும்படி விடுவிப்பதே அந்தச் சுண்ணாம்புதான். சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளுக்கு 'பெல்லக்ரா' நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து பலர் செத்துப்போனார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே நிலைதான். இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறைபாடு என்று காட்டியவர் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர். நியாசின்தான் மருந்து என்பது 1937-ல் தெரியவந்தது. பலவகை உணவு சாப்பிடும் நமக்கு அந்தப் பயம் வேண்டாம்.

நீங்களும் செய்யலாம்

அரை கிலோ சோளம், 2 லிட்டர் தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பு. நிறமோ வாசனையோ கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கட்டும். சுவருக்கு அடிப்பது வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே, அலுமினியம் ஆகாது. அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே மூடி வையுங்கள். காலையில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள்.

முக்கால் கிலோ நாட்டுக்கோழியை எலும்போடு, வெங்காயம், பூண்டு, உப்பு சேர்த்துத் தனியாக வேகவையுங்கள். எட்டு பேடகி மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகத்துடன் அரைத்து வடிகட்டி எண்ணெயில் வதக்குங்கள். நிறம் அதிகம், காரம் குறைவு. மெக்சிகோ மிளகாய்க்கு நம் பக்கத்து மாநிலத்தின் பதில் இது. ஆரிகானோவுக்குப் பதில் இரண்டு கற்பூரவள்ளி இலை. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் கொதித்தால் போதும். மேலே முள்ளங்கி, முட்டைக்கோஸ், வெங்காயம் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழியுங்கள். மூன்றுமே உழவர் சந்தையில் கிடைத்தன.

நம்மூர் மஞ்சள் சோளம் முழுதாக மலரவில்லை. ஆனால் மெத்தென்று வெந்திருந்தது. தோழி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

அவ்வா ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு. களிக்கு ஊத்துனா இன்னும் நல்லாருக்கும்" என்றார். பிறகு, "எங்க வீட்டுல யாருக்கும் களி கிண்ட வராது. எனக்கும் இப்ப கை வலிக்குது. மாவு மட்டும் டப்பாவுல கெடக்கு" என்றார்.

எங்கோ இருக்கும் மெக்சிகோவின் சமையலைக் கற்க ஒரு வாரம் செலவழித்த நான், ராகி விளையும் இந்த ஊரில் மூன்று வருடமாக இருந்தும் களி கிண்டக் கற்கவில்லை.

இந்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார். கட்டையை நான் பிடிக்க வேண்டுமாம். எப்போது மாவைக் கொட்ட வேண்டும், எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்பதை அவர் உட்கார்ந்தபடி சொல்வாராம். மிச்சம் வைத்த சூப், ஃப்ரீசரில் காத்திருக்கிறது.