முளையும் விளைவும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. உழவர் வாயிற் பிறந்த இம்மொழியைப் பெற்றோரும் ஆசிரியரும் இளைஞர்மீது ஏற்றிக் கூறுதல் யாண்டும் காணப்படுவதே. இஃது எத்துணை மெய்? முளையைக் கண்டு விளைவை உரைக்க இயலுமா? இயலுமெனின் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை காண யாம் கழனியை நாடவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேஸ்பால் ஆடுகளத்தை நாடினோம். தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கும் அவ்வாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். காரணம் எளிது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் ஒவ்வோர் அடியையும் நூறாண்டுக்கு மேலாகக் கணக்கெழுதி வைத்திருக்கின்றது அவ்வாட்டம். இன்ன இளைஞன் இன்னவாறு ஆவான் என்று பெரியோர் கூறியதும், அவன் ஆனதும் அங்கே அருகருகே கிடக்கின்றன. பழமொழியை உரைத்துப் பார்க்க இதனினும் நல்ல கல் எமக்குக் கிடைக்கவில்லை.

அவ்வாட்டத்தை அறியாதார்க்குச் சில சொற்கள். பந்தெறிவோன் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து எறிய, மட்டை பிடித்தவன் அதனை அடிக்கின்றான். 90 அடிக்கு ஒன்றாகச் சதுரமாய் அமைந்த நான்கு நிலைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அடித்த பந்து எல்லைக் கோடுகளுக்கு உட்பட்டு வேலியைக் கடந்துவிட்டால், தடுப்பார் ஒருவருமின்றி அவன் நான்கு நிலைகளையும் சுற்றி வரலாம்; அதுவே ‘ஹோம் ரன்’. நம் மாணவர் நன்கறிந்த கிரிக்கெட்டின் சிக்ஸரை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். மணிக்கு 95 மைல் விரைவில் வரும் பந்து அரை விநாடிக்கும் குறைந்த காலத்தில் மட்டையை எட்டிவிடும். அதற்குள் கண்டு, துணிந்து, வீசவேண்டும். ஆகவே, 162 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் 40 ஹோம் ரன் அடித்தவனை நாடே அறியும். ஒரு பருவத்தில் மிகுதியாக அடித்தவர் பாரி பாண்ட்ஸ், 2001இல் 73. வாழ்நாள் மொத்தத்திலும் 762 அடித்து அவரே முதல்வராக நிற்கின்றார்.

இத்தகைய வல்லமை எவனிடம் முளைத்திருக்கின்றது என்று தேடி ஊரூராகச் செல்வோர் உளர். அவர்களை ‘ஸ்கவுட்’ என்பர். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து, இளைஞனின் தோளகலத்தையும், மணிக்கட்டின் விரைவையும், மட்டை வீச்சின் ஒழுங்கையும் நோக்கி, 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவர். 50 என்பது பெருங்கழக ஆட்டக்காரரின் நடுத்தர அளவு. இவர்கள் வழக்கில் ஒரு நுட்பம் எம்மைக் கவர்ந்தது. ஒருவனுடைய வலிமைக்கு இவர்கள் ஒரு மதிப்பெண் இடுவதில்லை, இரண்டு இடுகின்றனர். பயிற்சியில் வெளிப்படும் வலிமைக்கு ஒன்று. ஆட்டத்தில் வெளிப்படும் வலிமைக்கு மற்றொன்று. பயிற்சியில் இசைவாக எறியப்படும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவோன், வளைந்தும் தாழ்ந்தும் ஏமாற்றியும் வரும் பந்தின்முன் வெறுங்காற்றை வீசி நிற்பதுண்டு. உள்ள வலிமை வேறு; வேண்டிய நேரத்தில் உதவும் வலிமை வேறு.

கண்ணால் நோக்குவதோடு நில்லாது கருவியாலும் இன்று அளக்கின்றனர். 2015 முதல் பெருங்கழக மைதானங்கள் அனைத்திலும் ‘ஸ்டாட்காஸ்ட்’ என்னும் அளவைமுறை நிறுவப்பட்டது. பந்து மட்டையை விட்டு எவ்வளவு விரைவில் எழுகின்றது, எத்தனை பாகை ஏற்றத்தில் எழுகின்றது என்பவற்றை அஃது உடனுக்குடன் கூறும். மணிக்கு 98 மைல் விரைவோடு 26 முதல் 30 பாகை ஏற்றத்தில் எழும் பந்து மிகச் சிறந்த அடிகளுள் ஒன்றாக எண்ணப்படும். விரைவு மிக மிக, ஏற்றத்திற் சிறிது கூடினும் குறையினும் கேடில்லை. ஹோம் ரன்களை மட்டும் எண்ணினால் ஒருவன் தரத்தை அறியப் பல மாதங்கள் வேண்டும்; பந்தின் விரைவை அளந்தாலோ சில வாரங்களிலேயே அவன் கைவலிமை ஒருவாறு புலப்படும்.

எனினும் எண்ணை எடுத்தவாறே நம்பிவிடலாகாது. டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிதாதலின் பந்து நெடுந்தொலைவு பறக்கும். பாஸ்டன் நகரின் பழைய மைதானத்திலோ இடப்புறத்தில் 37 அடி உயரச் சுவர் நிற்கின்றது. ஆகவே எங்கே அடித்தான் என்று கேட்கவேண்டும். எவர் எறிந்த பந்தை அடித்தான் என்றும் கேட்கவேண்டும்; பெருங்கழகங்களை அடையுமுன் ஏறவேண்டிய சிறுகழகப் படிகள் பல உள. யாவற்றினும் மேலாக, எந்த வயதில் அடித்தான் என்று கேட்கவேண்டும். ஒரே படியில் 19 வயதினன் அடித்த 20 ஹோம் ரன்னும் 24 வயதினன் அடித்த 20 ஹோம் ரன்னும் தாளில் ஒன்றே. ஆனால் முன்னவனுக்கு உடல் இன்னும் வளரவேண்டும். கண் இன்னும் பழகவேண்டும்.

இவ்வெண்களைக் கொண்டு அடுத்த பருவத்தைக் கணிக்கும் முறைகள் பல. அவற்றுள் மிக எளியதற்கு ‘மார்செல்’ என்று பெயர். குரங்குக்கும் தெரியக்கூடிய அளவுக்கே இதில் அறிவுண்டு என்று கூறி, அதனை வகுத்த டாம் டாங்கோ என்பார் ஒரு குரங்கின் பெயரையே அதற்கு இட்டார். கடந்த மூன்று பருவங்களுள் அண்மையதற்கு 5, அதற்கு முந்தியதற்கு 4, அதற்கும் முந்தியதற்கு 3 என எடையிட்டு, விடையைச் சராசரியை நோக்கிச் சிறிது இழுத்து, வயதுக்கேற்பத் திருத்துவது அம்முறை. பெருங்கழகக் கணக்கே இல்லாத புதியவனுக்கு அது சராசரி ஆட்டக்காரனின் அளவையே அளிக்கும். அறியாததை அறிந்ததுபோற் காட்டாத இவ்வடக்கம் மனிதரிடத்தும் இருந்தால் எத்துணை நன்று!

நிற்க. எமக்கு இப்போது வயது 19. ஆகலின் அவ்வயதினரின் கணக்கைத் தேடிப் பார்த்தோம்.

பேப் ரூத் 1914இல் தம் 19ஆம் வயதில் பாஸ்டன் அணியிற் சேர்ந்தார். அவரை எடுத்தது பந்தெறிவதற்காக. அவ்வாண்டு பெருங்கழகத்தில் அவர் அடித்த ஹோம் ரன் ஒன்றுமில்லை. 1920இல் நியூயார்க் அணிக்காக 54 அடித்தார், 1927இல் 60, ஓய்வுபெறும்போது 714. ஜப்பானில் சதாஹரு ஓ என்பார் 1959இல் 19 வயது நிரம்பும் பருவத்தில் ஆடவந்து 7 ஹோம் ரன்னே அடித்தார். பந்தைத் தொடாது வீசி ஆட்டமிழப்பதே அவருக்கு வழக்கமாயிருந்தது. 1962இல் அராகாவா என்னும் பயிற்சியாசிரியர் துணையால் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று அடிக்கப் பழகினார், அவ்வாண்டே 38. 1980இல் ஓய்வுபெறும்போது 868. இவ்விருவரின் முளையில் விளைவைக் கண்டவர் யார்?

முளையிலேயே தெரிந்த பயிரும் உண்டு. பிரைஸ் ஹார்ப்பர் 16 வயதிலேயே நாடறிந்தவர். 2010இல் ஆட்டக்காரர் தேர்வில் முதல்வராக எடுக்கப்பட்டார். 19ஆம் வயதில் 22 ஹோம் ரன். 2015இல் 42 அடித்துத் தம் கழகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். சொன்னது பலித்தது. டோனி கோனிக்லியாரோவும் அத்தகையரே. 1964இல் 19 வயதினராய் 24 அடித்தார். மறு ஆண்டு 32 அடித்துத் தம் கழகத்தில் முதல்வரானார். இவரைப்பற்றி நல்லது கூறாதார் இலர். 1967 ஆகஸ்ட் 18இல் எறிபந்து அவர் முகத்தில் தாக்கிக் கண்ணைக் கெடுத்தது. அப்போது அவருக்கு வயது 22. மீண்டு வந்து ஆடினார். 1970இல் 36 கூட அடித்தார். ஆயினும் பார்வை நிலைக்கவில்லை. மொத்தம் 166உடன் அவர் கணக்கு முடிந்தது. எவ்வளவு நுட்பமான அளவையும் அந்த ஒரு பந்தை முன்னறிந்திராது.

ஜாஷ் கிப்சனின் கதை இதனினும் கொடிது. இவர் முளையில் ஐயமே இல்லை. கருப்பின மக்களுக்கெனத் தனியே நடந்த கழகங்களில் 1930 முதல் ஆடிப் பெரும்புகழ் பெற்றார். பெருங்கழகங்களோ நிறங்காரணமாக அவருக்குக் கதவடைத்தன. 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் அக்கதவைத் திறந்து உட்புகுந்தார். கிப்சன் கழகங்களின் கணக்கு பெருங்கழகக் கணக்கோடு சேர்க்கப்பட்டது 2024இல். பயிர் நன்றாயினும் நிலம் மறுக்கப்பட்டால் உழவன் எதனைக் கணிப்பான்?

இவற்றால் யாம் தெளிந்தது இது. நூறு இளைஞரை ஒருங்கே நோக்கி, இன்ன தன்மையர் பெரும்பாலும் இவ்வாறு ஆவர் என்று கூறின், அக்கூற்று பெரிதும் பிழைபடாது. அவருள் ஒருவனைப் பிரித்து, ‘நீ இவ்வளவே’ என்று கூறின், அது கணிப்பாகாது; தீர்ப்பாகிவிடும். தீர்ப்புக்கு ஒரு தீய ஆற்றல் உண்டு; தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். பெருந்தொகை கொடுத்து எடுத்த இளைஞன் பன்முறை தவறினும் கழகம் பொறுக்கும். கடைசியில் எடுத்தவன் சிலமுறை தவறினால் வீட்டுக்கு அனுப்பும். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 402ஆவதாகவே எடுக்கப்பட்டார். கிடைத்த சிறு வாய்ப்பை விடாது பற்றி 2022இல் 703 ஹோம் ரன்களோடு ஓய்வுபெற்றார். வாய்ப்பின்றி ஊர் திரும்பிய பிறர் எத்துணையர் என்பதற்குக் கணக்கேடு இல்லை.

எம் பள்ளித் தோழர் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். ஒரு தேர்வின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உனக்குக் கணக்கு வராது’ என்றார் ஆசிரியர் ஒருவர். தோழர் அன்றுமுதல் கணக்குப் புத்தகத்தை விருப்போடு திறக்கவில்லை. இறுதித் தேர்வில் ஆசிரியர் சொன்னது பலித்தது. அவர் முன்னறிந்தாரா, அன்றி அவரே விளைத்தாரா என்று யாம் இன்றும் எண்ணுவதுண்டு. யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தபோது எம் பெரிய தகப்பனார், ‘இவ்வளவு மதிப்பெண் வாங்கிய பிள்ளை தமிழுக்குப் போய் என்ன ஆகும்?’ என்று வருந்தினார். எம் மாமாவோ, ‘ஒருநாள் பெரிய புலவராகும், பாருங்கள்’ என்றார். மெய்யாகச் சொன்னால், மாமாவின் சொல்லே எம்மை மிக அச்சுறுத்திற்று. இருவரும் அன்புடையவரே, ஆயினும் இருவர்க்கும் எம் மதிப்பெண்கள் தெரியுமேயன்றி, யாம் இன்னும் எதிர்கொள்ளாத பந்துகள் தெரியா.

அங்ஙனமாயின் முளையை நோக்குதலே கூடாதோ? கூடும், வேண்டும். மக்களை ஆராய்ந்து தெளிதற்கு வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். உடனே ‘தெரிந்து வினையாடல்’ என மற்றொன்றும் வைத்தார். தெளிந்தால் மட்டும் போதாது. தெளிந்தவனை வினையில் அமர்த்தி நோக்கவேண்டும் என்று இவ்வைப்பு முறையால் யாம் கொள்கின்றோம். ஆரன் ஜட்ஜ் 2016இல் முதன்முதல் பெருங்கழகத்துக்கு வந்து 27 ஆட்டங்கள் ஆடினார். 84 முறை அடிக்க நின்று 42 முறை பந்தைத் தொடாது ஆட்டமிழந்தார். அடித்த ஹோம் ரன் நான்கே. அத்தாளை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் அவர் வாழ்வு அங்கேயே முடிந்திருக்கும். நியூயார்க் அணி மறு ஆண்டும் மட்டையை அவர் கையிற் கொடுத்தது. 2017இல் 52, 2022இல் 62.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு யாம் பணிந்து கூறுவது ஒன்றே. எங்களை அளந்து பாருங்கள். அளவைக் குறித்தும் வையுங்கள். ஆனால் மையால் எழுதாது பென்சிலால் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அளப்பீராக. உடன்பயிலும் நண்பர்காள், நமக்கும் ஒரு கடமை உண்டு. இகழ்ந்தோர் சொல்லால் மட்டையைக் கீழே போடவும் வேண்டா. புகழ்ந்தோர் சொல்லால் பயிற்சியைக் கைவிடவும் வேண்டா. முளை நம்முடையது; நீரும் நிலமும் பிறர் தருவன. அவற்றைத் தந்தோரை மறவாது, தரப்பெறாத தோழனுக்கு நம்மால் இயன்றதைப் பகிர்ந்து, அடுத்து வரும் பந்தை நோக்கி நிற்போமாக.